சிரிக்காத முகங்கள்: ‘நேக்கட் கன்’ மறுவருகையை முன்வைத்து

2025 ஆகஸ்ட் 1 அன்று ‘தி நேக்கட் கன்’ என்ற பெயரில் ஒரு ஹாலிவுட் படம் திரைக்கு வந்தது. 1988, 1991, 1994 ஆகிய ஆண்டுகளில் அதே பெயரில் வெளிவந்த மூன்று பகடிப் படங்களின் தொடர்ச்சி அது. மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் இடையே 31 ஆண்டுகள். படம் அறிவிக்கப்பட்ட நாள் முதல் அதைச் சூழ்ந்து நின்ற கேள்வி ஒன்றுதான்: அந்தக் காலத்து நகைச்சுவை இந்தக் காலத்தில் எடுபடுமா?

கேள்வி நியாயமானது, ஆனால் பாதிக் கேள்வி. பகடி தன் காலில் தானே நிற்கும் வகைமை அன்று. அது சாய்ந்து நிற்க ஒரு சுவர் வேண்டும். தன்னைப் பெரிதாக மதித்துக்கொள்ளும், தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத ஏதோ ஒன்று அந்தச் சுவராக அமைகிறது. எனவே ஒரு பகடித் தொடரை மீட்டெடுக்க முனைபவர் முதலில் விடை காண வேண்டிய வினா வேறு: இன்றைய உலகில் எது இன்னும் முகம் இறுகி நிற்கிறது? அந்த வினாவை வைத்துக்கொண்டு இந்தத் தொடரின் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தால், நான்காம் படம் எங்கே வென்றது, எங்கே வழுக்கியது என்பது தெளிவாகும்.

தொடரின் வேர் 1980இல் வெளிவந்த ‘ஏர்ப்ளேன்!’ படத்தில் இருக்கிறது. டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர் என்ற சகோதரர்களும் அவர்களுடைய நண்பர் ஜிம் ஏப்ரகாம்ஸும் இணைந்து எழுதி இயக்கிய படம் அது. 1957இல் வந்த ‘ஸீரோ ஹவர்!’ என்ற விமான விபத்துக் கதையை அவர்கள் கண்டெடுத்தனர். விமானத்தில் பரிமாறப்பட்ட மீன் உணவால் விமானிகள் நோயுறுகின்றனர். போரில் மனம் உடைந்துபோன முன்னாள் விமானி ஒருவர் விமானத்தைத் தரையிறக்கியாக வேண்டும். மூவரும் அப்படத்தின் உரிமையை முறைப்படி விலைக்கு வாங்கினர். நாயகனின் பெயர், கதையின் எலும்புக்கூடு, பல இடங்களில் வசனம் உட்பட அப்படியே எடுத்தாண்டனர். மூலத்தின் பெயரில் இருந்த வியப்புக்குறி கூடப் பகடியின் பெயரில் இருக்கிறது.

அவர்கள் எடுத்த முக்கியமான முடிவு நடிகர் தேர்வு. லெஸ்லி நீல்சன், லாயிட் பிரிட்ஜஸ், ராபர்ட் ஸ்டேக், பீட்டர் கிரேவ்ஸ் ஆகிய நால்வரும் அதுவரை அதிகாரிகளாகவும் தளபதிகளாகவும் துப்பறிவாளர்களாகவும் நடித்தவர்கள்; நகைச்சுவைக்கு அறியப்பட்டவர்கள் அல்லர். ‘தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்’, ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ போன்ற பெரும்படங்களுக்கு இசையமைத்த எல்மர் பெர்ன்ஸ்டைனை அழைத்து, உண்மையான ஆபத்துப் படத்துக்குரிய இசையைக் கேட்டுப் பெற்றனர். படத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை. பின்னணியில் எத்தனை அபத்தம் நடந்தாலும் முன்னால் நிற்பவர் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. பின்னாளில் டேவிட் ஸக்கர் தொகுத்துச் சொன்ன நகைச்சுவை விதிகளில் இது தலையாயது. ஒரு நகைச்சுவையின்மேல் இன்னொன்றை ஏற்றக் கூடாது என்பது மற்றொன்று: பின்னணியில் வேடிக்கை நடந்தால் முன்னணி வசனம் கனமாக இருக்க வேண்டும், வசனம் வேடிக்கையானால் பின்னணி அடங்க வேண்டும்.

ஏறத்தாழ 35 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட ‘ஏர்ப்ளேன்!’ அமெரிக்காவில் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அந்த வெற்றியின் பலத்தில் மூவரும் 1982இல் ஏபிசி தொலைக்காட்சிக்காக ‘போலீஸ் ஸ்குவாட்!’ என்ற தொடரை உருவாக்கினர். நாயகன் ஃபிராங்க் டிரெபின் என்ற துப்பறியும் அதிகாரி, நடித்தவர் நீல்சன். லீ மார்வின் நடித்து 1957 முதல் 1960 வரை ஒளிபரப்பான ‘எம் ஸ்குவாட்’ என்ற காவல்துறைத் தொடர் அதன் முன்மாதிரி. எழுபதுகள் வரை நீண்ட குவின் மார்ட்டின் தயாரிப்புத் தொடர்களின் சம்பிரதாயங்களும் அதில் கலந்தன. அத்தொடர்களில் ஒவ்வொரு வாரமும் கனத்த குரல் ஒன்று அன்றைய தலைப்பை அறிவிக்கும். ‘போலீஸ் ஸ்குவாட்!’ தொடரில் திரையில் ஒரு தலைப்பு தோன்ற, குரல் வேறொரு தலைப்பை வாசித்தது. சிறப்பு விருந்தினராக அறிவிக்கப்பட்ட நடிகர் பெயர்க்காட்சி முடிவதற்குள்ளேயே கொல்லப்பட்டார். இறுதியில் பிம்பம் உறையும் வழக்கத்துக்கு மாறாக, நடிகர்கள் உறைந்தவர்களைப் போல அசையாமல் நிற்க, சுற்றியிருந்த உலகம் தன்போக்கில் நடந்துகொண்டிருந்தது.

தொடர் 6 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. பார்வையாளர் உற்றுப் பார்த்தால்தான் ரசிக்க முடிகிறது என்று அலைவரிசைத் தரப்பில் சொல்லப்பட்ட காரணம் தொலைக்காட்சி வரலாற்றில் ஒரு வேடிக்கையாகவே நிலைத்துவிட்டது. ஆனால் அதில் உண்மை இருக்கிறது. வீட்டு வேலைகளுக்கு நடுவே சிறிய பெட்டியில் ஓடும் நிகழ்ச்சிக்குக் கவனம் கிடைப்பதில்லை. இருட்டில் அமர்ந்திருக்கும் திரையரங்கு அதைத் தருகிறது. கைவிடப்பட்ட அதே டிரெபின் 1988இல் பெரிய திரைக்குப் போனபோது, அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 7.8 கோடி டாலர் வசூலானது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வருகை தரும் எலிசபெத் அரசியைக் கொல்ல நடக்கும் சதியை டிரெபின் முறியடிக்கிறார் என்பது கதை. முறியடிக்கும் வழியில் அவர் ஏற்படுத்தும் சேதம் சதிகாரர்களால் விளையக்கூடியதற்குக் குறைந்ததன்று.

டிரெபின் ஏன் சிரிப்பை வரவழைக்கிறார்? முட்டாளாக இருப்பதால் என்பது எளிய விடை. தமிழ் இலக்கண மரபு இங்கே கூர்மையான கருவி ஒன்றைத் தருகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றினாலும் உரையாசிரியர்கள் அவற்றைப் பிரித்தனர். பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல். டிரெபினிடம் பேதைமை உண்டு என்றாலும், அவருடைய உயிர்நாடி மடனே. காவல்துறைத் தொடர்கள் கற்பித்த அத்தனையையும் அவர் ஐயமின்றிக் கற்றிருக்கிறார்: விறைப்பான நடை, மழைக்கால இரவில் மனதுக்குள் ஒலிக்கும் கசந்த தனிமொழி, சட்டத்தைவிடத் தன் உள்ளுணர்வை நம்பும் துணிவு. உலகம் அந்த இலக்கணத்துக்கு இணங்க மறுக்கும்போதும் அவர் அதை விடுவதில்லை. சிரிப்பு அந்த விடாப்பிடியில் பிறக்கிறது. அங்கிருந்து அது மெல்ல நகர்ந்து, அவருக்கு அந்த இலக்கணத்தைக் கற்பித்த தொடர்களின்மேல் எள்ளலாக விழுகிறது.

இதனால்தான் மூலத்தை அறியாதவர்களுக்கும் இப்படங்கள் புரிகின்றன. இன்று ‘ஏர்ப்ளேன்!’ பார்த்துச் சிரிப்பவர்களில் ‘ஸீரோ ஹவர்!’ பார்த்தவர்கள் மிகச் சிலரே. செர்வாண்டிஸ் 1605இல் ‘டான் கிஹோட்டே’யின் முதற்பாகத்தை வெளியிட்டபோது ‘அமாடிஸ் தெ கௌலா’ போன்ற வீரக்கதைகள் ஸ்பெயினில் பரவலாக அறியப்பட்டிருந்தன. இப்போது அமாடிஸின் பெயரைப் பெரும்பாலோர் அறிவது கிஹோட்டே வழியாகத்தான். நல்ல பகடி தான் கேலி செய்த நூலைவிட நெடுங்காலம் வாழ்வதற்குக் காரணம், அது குறிப்பிட்ட நூலைத் தாண்டி ஒரு மனநிலையைப் பிடித்துவிடுகிறது என்பதே.

மொழி கடப்பதிலும் இதே வேறுபாடு தெரிகிறது. ‘நிச்சயமாக’ என்ற பொருளுடைய ‘ஷ்யூர்லி’ என்ற சொல்லை ‘ஷெர்லி’ என்ற பெண்பெயராகக் கேட்டுக்கொண்டு நீல்சனின் மருத்துவர் மறுமொழி சொல்லும் இடம் ஆங்கில நகைச்சுவையின் மிகப் புகழ்பெற்ற சிலேடைகளில் ஒன்று. எந்த வசன வரியும் அதை வேற்றுமொழிக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கும் மருத்துவருக்குரிய அக்கறை எல்லா மொழியிலும் புரிகிறது.

1994க்குப் பிறகு இந்த மரபு தளர்ந்தது. நீல்சனே தொடர்ந்து நடித்த பிற்காலப் பகடிகளில் அவர் முகம் மாறியது. தான் வேடிக்கையானவர் என்பதை அறிந்த முகம் அது. அறிந்த கணத்தில் பாதி வேடிக்கை போய்விட்டது. 2000இல் வந்த ‘ஸ்கேரி மூவி’ 1.9 கோடி டாலர் செலவில் உலகெங்கும் ஏறத்தாழ 27.8 கோடி டாலர் ஈட்டி வகைமைக்குப் புத்துயிர் தந்ததுபோல் தோன்றியது. அது கேலிக்கு எடுத்துக்கொண்ட ‘ஸ்க்ரீம்’ படமோ, திகில் படங்களின் விதிகளைப் பாத்திரங்களே பேசிச் சிரித்துக்கொள்ளும் படம். ஏற்கெனவே தன்னைக் கண்டு சிரிக்கும் ஒன்றைக் கேலி செய்ய, இன்னும் உரக்கக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து வந்த ‘எபிக் மூவி’ (2007), ‘டிசாஸ்டர் மூவி’ (2008) போன்றவற்றில் பகடியின் இடத்தைச் சுட்டுதல் பிடித்துக்கொண்டது. 2008 கோடையில் ‘அயர்ன் மேன்’ வந்தது; அதே கோடை முடிவதற்குள் வெளியான ‘டிசாஸ்டர் மூவி’யில் அயர்ன் மேனைப் போல உடையணிந்த ஒருவர் தோன்றி, அடிபட்டு விழுந்தார். பார்வையாளர் அடையாளம் கண்டுகொண்டார் என்பதைத் தவிர அங்கே நிகழ்ந்தது எதுவுமில்லை. அடையாளம் காண்பது ஒரு சிறிய மகிழ்ச்சி. அது நகை ஆகாது. இதற்கிடையே வெகுசன சினிமா வேறொரு வழியில் பகடியின் தொழிலைப் பறித்துக்கொண்டது. சூப்பர் ஹீரோக்கள் தம் உடையைத் தாமே கிண்டல் செய்தனர். 2016இல் ‘டெட்பூல்’ நாயகன் பார்வையாளரை நோக்கித் திரும்பித் தன் படத்தின் அபத்தங்களைத் தானே பட்டியலிட்டான். இறுகிய முகங்கள் அருகிப்போன நிலையில் பகடிக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாமல் போயிற்று.

இந்தப் பின்னணியில் 2025 படத்தின் முதல் நற்செயல் லியாம் நீசனைத் தேர்ந்தெடுத்தது. அகிவா ஷாஃபர் இயக்கி, சேத் மெக்ஃபார்லேன் தயாரித்த இப்படத்தில் ஃபிராங்க் டிரெபினின் மகனாக நடித்த நீசனுக்கு, படம் வெளிவந்தபோது வயது 73. ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். 2008இல் வந்த ‘டேக்கன்’ படத்துக்குப் பின், மகளையோ மனைவியையோ காக்கத் தனியாகப் புறப்படும் முதிய மனிதராக ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்களில் நடித்தவர். அந்தப் படங்களில் ஒன்றும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. தொலைபேசியில் தாழ்ந்த குரலில் எச்சரிக்கும் அந்த முதிய ஆண்மை, இன்றைய ஹாலிவுட்டில் எஞ்சியிருக்கும் சில இறுகிய முகங்களுள் ஒன்று. 1980இல் நீல்சன் தம் பழைய படங்களின் கனத்தைச் சுமந்து வந்ததைப் போலவே நீசனும் தம் கனத்தைச் சுமந்து வந்தார். இதற்கு முன் 2013இல் இதே தொடரை எட் ஹெல்ம்ஸைக் கொண்டு புதுப்பிக்கப்போவதாக அறிவிப்பு வந்து, படமாகாமலே நின்றது. ஹெல்ம்ஸ் திறமையான நகைச்சுவை நடிகர். அவர் முகத்தைக் கண்டதுமே பார்வையாளர் சிரிக்கத் தயாராகிவிடுவார். இந்தத் தொடரைப் பொறுத்தவரை அது தகுதிக்குறைவு.

இசையிலும் அதே தெளிவு தெரிகிறது. ‘மிஷன்: இம்பாசிபிள் – ஃபால்அவுட்’ படத்துக்கு இசையமைத்த லோர்ன் பால்ஃப் இதற்கும் இசையமைத்தார். பெர்ன்ஸ்டைனிடம் அன்று கேட்கப்பட்டது இன்று இவரிடம் கேட்கப்பட்டிருக்கிறது. படத்தின் நீளம் 85 நிமிடம். இரண்டரை மணி நேர அதிரடிப் படங்களின் காலத்தில் இந்தச் சுருக்கமே ஒரு விமர்சனம்.

பமேலா ஆண்டர்சனின் தேர்வு வேறு வகையில் பொருளுடையது. தொண்ணூறுகளில் அவர் கவர்ச்சிப் படிமமாகவும், இரவுநேர நிகழ்ச்சிகளின் மலிவான நகைச்சுவைக்குப் பொருளாகவும் நடத்தப்பட்டவர். 2024இல் ‘தி லாஸ்ட் ஷோகேர்ள்’ படத்தின் வழியாகத் தீவிர நடிகையாக ஏற்கப்பட்ட பிறகே அவர் இந்தப் பகடிக்குள் வருகிறார். பழைய படங்களில் பெண்ணுடல் நகைச்சுவையின் இலக்காக இருந்த இடங்கள் ஏராளம். இதில் ஆண்டர்சன் நகைச்சுவையைச் செய்பவர். ஜாஸ் மேடையேறிப் பொருளற்ற ஒலிகளைப் பாடும் காட்சியில் நீசனுக்கு இணையான கனத்தோடு அவர் முகம் இருக்கிறது. பிறர் தன்னைப் பார்த்துச் சிரித்த காலம் போய், எப்போது சிரிக்கலாம் என்பதைத் தான் தீர்மானிக்கும் நிலைக்கு ஒருவர் வந்திருப்பதை அக்காட்சி சொல்லாமல் சொல்கிறது.

இப்படம் கண்டுபிடித்த மிகச் சரியான இலக்கு, மீட்டுருவாக்கம் என்ற வழக்கமே. கடந்த பத்தாண்டுகளில் ஹாலிவுட் தன் பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுத்து, இறந்த தந்தையின் படத்துக்கு முன் நின்று கண்கலங்கும் பிள்ளைகளைக் காட்டியது. ‘ஸ்டார் வார்ஸ்’, ‘ராக்கி’, ‘டாப் கன்’ எனப் பட்டியல் நீள்கிறது. பாரம்பரியத்தின் மீதான இந்த பக்தி இன்றைய வெகுசன சினிமாவில் சிரிப்பே படாத பகுதி. புதிய படத்தில் காவல் நிலையச் சுவரில் முன்னோர் நினைவுப்பலகைகள் வரிசையாக இருக்கின்றன. மகன்கள் ஆளுக்கொரு தந்தையின் முன் மண்டியிடுகின்றனர். தந்தையைப் போலவே இருக்க வேண்டும், அதே வேளையில் முற்றிலும் புதியவனாகவும் இருக்க வேண்டும் என்று டிரெபின் மகன் வேண்டிக்கொள்கிறான். ஒவ்வொரு தொடர்ச்சிப் படத்தின் தயாரிப்புக் கூட்டத்திலும் பேசப்படும் முரண்பட்ட ஆசை, இங்கே கண்ணீரோடு ஒரு பிரார்த்தனையாகிறது.

அதே காட்சியில் இன்னொரு மகன் தன் தந்தை நார்ட்பெர்க்கின் படத்தின் முன் நிற்கிறான். பழைய படங்களில் நார்ட்பெர்க்காக நடித்தவர் ஓ. ஜே. சிம்ப்சன். மூன்றாம் படம் 1994 மார்ச்சில் வந்தது, ஜூனில் அவர் இரட்டைக் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார், 1995இல் விடுவிக்கப்பட்டார், 2024இல் இறந்தார். மகன் படத்தைப் பார்க்கிறான். பின் பார்வையாளரைப் பார்த்து, மாட்டேன் என்று தலையசைக்கிறான். அவ்வளவுதான். ஒரு தொடர் தன் கடந்த காலத்தின் இருண்ட பக்கத்தை மறைக்கவுமில்லை, அதன்மேல் உரை நிகழ்த்தவுமில்லை. நினைவேக்கத்தின் நடுவில் நினைவை நுழைக்கச் சில நொடிகள் போதுமானவையாக இருந்தன.

காவல்துறையைப் பொறுத்தவரை படம் அவ்வளவு துணிவு காட்டவில்லை. 1988இல் டிரெபின் கண்டபடி சுடுவது முழுக்கக் கற்பனையின் விளையாட்டாகக் கொள்ளப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1991 மார்ச்சில், அதே லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங்கைக் காவலர்கள் அடித்து நொறுக்கியதை ஒருவர் தம் வீட்டிலிருந்து படம்பிடித்தார். 2020இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதற்குப் பின், 1989 முதல் ஓடிய ‘காப்ஸ்’ நிகழ்ச்சி அதன் அலைவரிசையால் நிறுத்தப்பட்டது. ‘புரூக்ளின் நைன்-நைன்’ குழுவினர் எழுதிவைத்த கதைகளைக் கைவிட்டு வேறு எழுதினர். காவலரின் கையாலாகாத்தனம் யாருக்கு வேடிக்கை, யாருக்கு ஆபத்து என்ற வேறுபாடு வெளிப்பட்டுவிட்ட காலம் இது. புதிய படத்தில் காவலரின் மார்பில் பொருத்திய காணொளிக் கருவியின் பதிவு வருகிறது. பொறுப்புக்கூறலின் சின்னமான அந்தக் கருவி இங்கே டிரெபினின் வயிற்றுக் கோளாற்றைத்தான் பதிவு செய்கிறது. காட்சி நன்றாகவே சிரிக்க வைக்கிறது. ஆனால் கூரான ஆயுதத்தைக் கையில் எடுத்துவிட்டு அதால் பழம் நறுக்கியதுபோல் அது முடிகிறது. நகைச்சுவையில் கருத்துத் தலைதூக்கக் கூடாது என்பதும் ஸக்கரின் விதிகளில் ஒன்று என்பது உண்மையே. ஆயினும் கருத்தைச் சொல்வது வேறு. எள்ளலின் இலக்கைச் சரியாகக் குறிவைப்பது வேறு.

தமிழில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. சி. எஸ். அமுதன் இயக்கிய ‘தமிழ்ப் படம்’ 2010இல் வந்தபோது அது தனியொரு படத்தைக் காட்டிலும் நாயக சினிமாவின் இலக்கணத்தையே கையில் எடுத்தது. ஆண் குழந்தைகள் பிறந்தால் கதாநாயகர்களாகிவிடுவர் என அஞ்சிக் கொல்லும் கிராமத்திலிருந்து ஒரு குழந்தை தப்புகிறது; மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி, எம். எஸ். பாஸ்கர் ஆகியோர் நாயகனின் இளமைக்கால நண்பர்களாக வருகின்றனர். ஒருவரும் அதை வேடிக்கையாகக் கருதுவதில்லை. 2018இல் வந்த இரண்டாம் படத்தில் நாயகன் காவல் அதிகாரி. அங்கே இலக்கணத்தைவிட அண்மைய படங்களையும் அரசியல் நிகழ்வுகளையும் சுட்டும் இடங்கள் கூடின. இலக்கணத்தைப் பற்றிய பகடி இன்றும் புதிதாக இருக்க, நிகழ்வைப் பற்றியது அடிக்குறிப்பு கேட்கத் தொடங்கிவிட்டது. ஹாலிவுட் பகடிக்கு 2000க்குப் பின் நேர்ந்தது இங்கும் ஓரளவு நேர்ந்தது.

மீண்டும் 2025 படத்துக்கு வந்தால், அதன் வில்லன் பாத்திரத்தில் இந்த வகைமையின் எதிர்காலத்தைப் பற்றிய கடினமான சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. டேனி ஹியூஸ்டன் நடித்த ரிச்சர்ட் கேன் மின்கார் நிறுவனம் நடத்தும் கோடீசுவரர். மனிதரை விலங்கு நிலைக்குத் திருப்பும் கருவி ஒன்று அவரிடம் இருக்கிறது. மேட்டிமையும் மெல்லிய குரலும் கொண்ட அவர் ஜேம்ஸ் பாண்ட் படத்து வில்லன்களைப் போலவே இறுகிய முகத்தோடு பேசுகிறார். பகடியின் விதிப்படி அது சரி. ஆனால் நிஜ உலகின் மின்கார்க் கோடீசுவரர் அப்படியிருப்பதில்லை.

2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டர் தலைமையகத்துக்குள் ஒரு கைகழுவும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். ‘சிங்க்’ என்ற ஆங்கிலச் சொல் தொட்டியையும், ஒரு செய்தி மனதில் இறங்குவதையும் குறிக்கும். அந்தச் சிலேடையை அவர் உடலால் நடித்துக் காட்டினார். சொல்லை அப்படியே பொருளாக எடுத்துக்கொண்டு காட்சியாக்குவது ஸக்கர் குழுவினரின் கையொப்பமான உத்தி. அடுத்த மாதத் தொடக்கத்தில் அந்நிறுவன ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வேலையிழந்தனர். 2025இல் அமெரிக்க அரசுத் துறைகளில் ஆட்குறைப்பை முன்னெடுத்த அமைப்புக்கு வைக்கப்பட்ட பெயரின் சுருக்கம் ‘டோஜ்’. இணையத்தில் உலவிய நாய்ப்பட நகைச்சுவையின் பெயர் அது. அவ்வாண்டு பிப்ரவரியில் மஸ்க் ஒரு மேடையில் மரமறுக்கும் ரம்பத்தைத் தூக்கிக் காட்டினார், கூட்டம் ஆர்ப்பரித்தது.

அதிகாரம் தானே கோமாளி வேடம் புனைந்துகொள்ளும்போது பகடி எங்கே நிற்கும்? தன்னைத் தானே கேலி செய்பவரைக் கேலி செய்ய முயல்வது அவருடைய நாடகத்தில் ஒரு பாத்திரத்தை ஏற்பதாக முடியும். ‘ஸ்க்ரீம்’ படத்தின்முன் ‘ஸ்கேரி மூவி’ நின்ற நிலை அது. வேலையிழந்தவருக்குத் தொட்டி ஒரு சிலேடையாகத் தோன்றியிருக்காது. அதிகாரத்தின் முகம் சிரிக்கிறது. அதன் ஆணையைச் சுமப்பவரின் முகம் மட்டும் இறுகிக் கிடக்கிறது. 1988இல் இருந்த இடங்கள் தலைகீழாகிவிட்டன. இதை எதிர்கொள்ளும் பகடியை 2025 படம் கண்டடையவில்லை. கேனைப் பழைய வார்ப்பில் செய்ததன் மூலம் அது அந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

இதற்காகப் படத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. 4.2 கோடி டாலர் செலவில் உருவாகி உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி ஈட்டியது. முழுநீள நகைச்சுவைப் படங்கள் திரையரங்கை விட்டு ஓடைத் தளங்களுக்குப் போய்விட்ட காலத்தில், அறிமுகமற்றவர்கள் இருட்டில் சேர்ந்து சிரிக்கும் அனுபவத்தை மீட்டுத் தந்தது. தொடரைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டேவிட் ஸக்கர் பொதுவெளியில் தம் அதிருப்தியைத் தெரிவித்தார். தம் விதிகள் பிறர் கையில் தளர்வதைக் காணும் ஆசானின் வருத்தம் அதில் இருக்கிறது. அதைப் பொறாமையென்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமன்று. ஜிம் ஏப்ரகாம்ஸ் 2024 நவம்பரில் காலமானார். புதிய படத்தை அவர் காணவில்லை.

பகடியை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர்கள் வழக்கமாக எந்தக் காட்சி எந்தப் படத்தைச் சுட்டுகிறது என்ற அட்டவணையில் தொடங்குகிறார்கள். அட்டவணை தேவைதான், அதோடு நின்றால் ‘டிசாஸ்டர் மூவி’யும் ‘ஏர்ப்ளேன்!’ படமும் ஒன்றாகிவிடும். பயனுள்ள தொடக்கம் வேறு: ஒரு காலம் எவற்றைச் சிரிப்பின்றிப் பார்த்தது, யாருடைய முகம் இறுகியிருக்க அனுமதிக்கப்பட்டது, யாரைப் பார்த்துச் சிரிப்பது பாதுகாப்பானதாக இருந்தது என்று கேட்பது. ஐம்பதுகளின் விமானிகளும் எழுபதுகளின் துப்பறிவாளர்களும் அப்படி ஒரு காலத்தின் முகங்கள். இன்றைய முதிய வீரனின் முகத்தை ஷாஃபர் சரியாக அடையாளம் கண்டார். தந்தையின் படத்துக்கு முன் மண்டியிடும் தொழில்துறையின் முகத்தையும் கண்டார். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தும் முகம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு எதிரே சிரிக்காமல் நிற்கக்கூடிய ஒரு நடிகரையும், அவருக்கு மடன் குறையாத ஒரு பாத்திரத்தையும் யார் எழுதப்போகிறார் என்பதில்தான் இந்த வகைமையின் அடுத்த மறுவருகை இருக்கிறது.